ஒண்டுக்குடித்தனம்: ஒரு பாக்டீரியாவின் நூறு வருஷக் கதை

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. ப்ளஸ் டூ-வோட பயாலஜிக்குப் பெரிய கும்பிடு போட்டுட்டு எஞ்சினியரிங் பக்கம் ஓடி வந்த பொட்டி தட்டும் ஜாதி. அதனால இதைப் படிச்சுட்டு யாரும் மருந்துக்கடைக்கு ஓடாதீங்க. இது வைத்தியப் பதிவு இல்லை, வரலாற்றுப் பதிவு. கொஞ்சம் நீளம், காபி டீ எடுத்து வச்சுக்கிட்டு உக்காருங்க :-)

யானைக்கால் நோய்க்கு என்ன காரணம்? "கொசு"ன்னு சொன்னா பாதி மார்க். "கொசு சுமந்துட்டு வர்ற புழு"ன்னு சொன்னா முக்கால் மார்க். "அந்தப் புழுவுக்குள்ள ஒரு பாக்டீரியா குடியிருக்கு, அது இல்லாட்டி புழுவே பிழைக்காது"ன்னு சொன்னாத்தான் முழு மார்க். இன்னும் வேடிக்கை, அந்த பாக்டீரியாவோட ஒண்ணுவிட்ட சொந்தக்காரன் ஒருத்தன் அதே கொசுவுக்குள்ளேயும் குடித்தனம் பண்றான். மனுஷன் வீட்ல புழு, புழு வீட்ல பாக்டீரியா. நம்ம ஊர் ஒண்டுக்குடித்தனம் எல்லாம் பிச்சை வாங்கணும்.

இந்தக் குடித்தனக்காரனோட பேர் வோல்பாக்கியா. (பாக்கியலட்சுமியோட தங்கச்சி பேர் மாதிரி இருக்குல்ல?) இதை முதல்ல பார்த்தது 1924-ல. அது எதுக்கு உதவும்னு புரிய முக்கால் நூற்றாண்டு ஆச்சு. அந்த இடைவெளியைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

*

தேடினது ஒண்ணு, கிடைச்சது ஒண்ணு

முதல் உலகப்போர் முடிஞ்ச நேரம். கிழக்கு ஐரோப்பாவுல டைஃபஸ் காய்ச்சல் லட்சக்கணக்கான பேரைத் தூக்கிட்டுப் போயிட்டிருந்தது. அதைப் பரப்புறது பேன்னு தெரிஞ்சாச்சு. பேனுக்குள்ள இருக்கிற ரிக்கட்சியாங்கற நுண்ணுயிர்தான் வில்லன். இந்தப் பேரே ஒரு சோகக் கதை. ஹோவர்ட் ரிக்கட்ஸ்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர், டைஃபஸை ஆராயப் போய் அதே நோய் வந்து 1910-ல மெக்சிகோவுல செத்துப்போனார். அவர் நினைவா வச்ச பேர் அது.

சிமியன் பர்ட் வோல்பாக்னு ஹார்வர்டு மருத்துவப் பேராசிரியர் ஒருத்தர். 1920-ல டைஃபஸை ஆராயப் போலந்துக்குப் போன குழுவுல இருந்தவர். திரும்பி வந்த பிறகு அவருக்கு ஒரு கேள்வி. பேனுக்குள்ள இப்படி ஒண்ணு இருக்குன்னா, மத்த பூச்சிகளுக்குள்ள என்னென்ன இருக்கும்? மார்ஷல் ஹெர்டிக்ங்கற இளைஞரோட சேர்ந்து பூச்சி பூச்சியா அறுத்துப் பார்க்க ஆரம்பிச்சார். அந்த வரிசையில சாதாரண கியூலெக்ஸ் கொசுவும் வந்தது. அதோட சினைப்பைக்குள்ள ரிக்கட்சியா மாதிரியே பொடிப்பொடியா ஏதோ இருந்தது. 1924-ல ரெண்டு பேரும் கட்டுரை எழுதினாங்க. 1936-ல ஹெர்டிக் அதை விரிவா விவரிச்சு, தன் ஆசிரியர் பேரைச் சேர்த்து வோல்பாக்கியா பிப்பியென்டிஸ்னு பேர் வச்சார்.

அத்தோட கதை நின்னு போச்சு. இது மனுஷனுக்கு நோய் தரல. கொசுவுக்கும் பெருசா ஒண்ணும் பண்ற மாதிரி தெரியல. தாய்க் கொசுவோட முட்டை வழியா பிள்ளைக்குப் போகுது, அவ்வளவுதான். வில்லனைத் தேடிப் போனவங்களுக்கு, ஒரு வம்புக்கும் போகாம மூலையில குடித்தனம் பண்ற ஒருத்தன் கிடைச்சா என்ன சுவாரசியம் இருக்கும்? ஹெர்டிக் மணல் ஈக்கள் பக்கம் போயிட்டார். வோல்பாக் 1954-ல காலமானார், தன் பேர்ல இருக்கிற பாக்டீரியா ஒருநாள் உலகப் புகழ் அடையும்னு தெரியாமலே.

*

கல்யாணம் ஆகியும் குழந்தை இல்லை

அடுத்த காட்சி 1950-கள், ஜெர்மனி. ஹான்னஸ் லாவன்னு ஒரு மரபியல் ஆராய்ச்சியாளர். பல ஊர் கியூலெக்ஸ் கொசுக்களை வளர்த்து, இந்த ஊர் ஆணுக்கும் அந்த ஊர் பெண்ணுக்கும் "சம்பந்தம்" பண்ணிப் பார்த்தார். சில ஜோடிகள்ல முட்டை வருது, ஆனா பொரிக்கலை. அதே ரெண்டு ஊரை மாத்தி, ஆண் அங்கிருந்து பெண் இங்கிருந்துன்னு வச்சா சில சமயம் நல்லாப் பொரிக்குது!

சாதாரண மரபணு விதிப்படி இதுக்கு விளக்கம் இல்லை. தலைமுறை தலைமுறையா வளர்த்துப் பார்த்ததுல, இந்தக் குணம் தாய் வழியா மட்டும்தான் இறங்குதுன்னு தெரிஞ்சது. அதாவது செல்லோட மையக்கருவுல இல்லை, அதைச் சுத்தி இருக்கிற சைட்டோபிளாசத்துல ஏதோ இருக்கு. இதுக்கு "சைட்டோபிளாசப் பொருத்தமின்மை"ன்னு பேர். நம்ம பாஷையில சொன்னா ஜாதகப் பொருத்தம் இல்லை :-)

அந்த "ஏதோ" என்னன்னு லாவனுக்குத் தெரியாது. ஆனா தெரியாமலே அதை வச்சு ஒரு வேலை பண்ணினார் பாருங்க, அங்கதான் நிக்கிறார் மனுஷன். பர்மாவுல ரங்கூன் பக்கத்துல ஒக்போன்னு ஒரு கிராமம். யானைக்கால் பரப்புற கியூலெக்ஸ் கொசு நிறைஞ்ச இடம். 1967-ல அங்க தினமும் ஆயிரக்கணக்குல பொருத்தமில்லாத ஆண் கொசுக்களைத் திறந்து விட்டார். ஆண் கொசு கடிக்காது, அதனால ஊர்க்காரங்களுக்குத் தொந்தரவு இல்லை. அந்த ஊர்ப் பெண் கொசுக்கள் இந்த மாப்பிள்ளைகளோட சேர்ந்துச்சு. முட்டை போட்டுச்சு. முட்டை பொரிக்கலை. சுமார் மூணு மாசத்துல அந்தக் கிராமத்துக் கியூலெக்ஸ் வம்சமே இல்லாம போச்சு. மருந்தடிக்கலை, புகை போடலை.

லாவனோட புதிருக்கு விடை 1971-ல வந்தது. கலிஃபோர்னியாவுல ஜானிஸ் யென், ரால்ஃப் பார்னு ரெண்டு பேர், பொருத்தமில்லாத கொசுக்களுக்கு டெட்ராசைக்ளின் குடுத்தாங்க. ஆமா, நம்ம வீட்டு அலமாரியிலேயே ஒரு காலத்துல கிடந்த அதே ஆன்டிபயாடிக்தான். மருந்து குடுத்த ஆண் கொசுவோட சேர்ந்தப்ப முட்டை பொரிச்சது. மருந்து கொன்னது கொசுவுக்குள்ள இருந்த வோல்பாக்கியாவை. ஆக, 1924-ல பார்த்த "ஒரு வம்புக்கும் போகாத" ஆள்தான் பொரிக்காத முட்டைகளுக்கெல்லாம் காரணம்!

அது செய்யிற தந்திரம் நம்ம அரசியல்வாதிங்களை மிஞ்சிரும். வோல்பாக்கியா முட்டை வழியாத்தான் அடுத்த தலைமுறைக்குப் போக முடியும். ஆண் கொசு அதுக்கு முட்டுச்சந்து. அதனால ஆணோட விந்தணுவுல ஒரு பூட்டு போட்டு வைக்குது. அந்தப் பூட்டுக்குச் சாவி, அதே வகை வோல்பாக்கியா இருக்கிற பெண்ணோட முட்டையில மட்டும்தான் இருக்கு. வோல்பாக்கியா இல்லாத பெண்ணோட சேர்ந்தா முட்டை காலி. இருக்கிற பெண்ணுக்கு யாரோட சேர்ந்தாலும் வம்சம் தழைக்கும். சில தலைமுறையில ஊரே கட்சி மாறிடும். பூட்டு சாவி வேலையைச் செய்யிற மரபணுக்களை 2017-லதான் கண்டுபிடிச்சாங்க.

*

டில்லியில் ஒரு விபரீதம்

ஒக்போ வெற்றி உலக சுகாதார நிறுவனத்தை யோசிக்க வச்சது. ஐ.சி.எம்.ஆரோட சேர்ந்து டில்லியில கொசுக்களின் மரபியல் கட்டுப்பாட்டுக்குன்னு ஒரு ஆராய்ச்சிப் பிரிவை 1970 வாக்குல ஆரம்பிச்சாங்க. கியூலெக்ஸ், ஏடிஸ் ரெண்டுலயும் வேலை நடந்தது. பணம் அமெரிக்காவோட பி.எல்.480 நிதியிலிருந்து, அதாவது கோதுமை வித்த கணக்குல இந்தியாவுல குவிஞ்சிருந்த ரூபாய்.

1974-ல பி.டி.ஐ. செய்தியா ஒரு குண்டு விழுந்துச்சு. இந்தியாவுல மஞ்சள் காய்ச்சலே கிடையாது, அதைப் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசு மேல அமெரிக்கப் பணத்துல ஏன் இவ்வளவு அக்கறை? இது உயிரி ஆயுத ஆராய்ச்சிக்கு அடித்தளமா? நாடாளுமன்றத்துல கேள்வி கிளம்பிச்சு. உலக சுகாதார நிறுவனம் மறுத்தது. பொதுக்கணக்குக் குழு 1975-ல காரசாரமா அறிக்கை குடுத்தது. சோனிபட் நகரத்துல திட்டமிட்டிருந்த ஏடிஸ் கொசு விடுறது கடைசி நேரத்துல ரத்து. அதே வருஷம் பிரிவையே மூடிட்டாங்க.

யார் பக்கம் நியாயம்? வியட்நாம் போர் நடந்த காலம். வெளிநாட்டு நிதி, வெளிநாட்டு ஆட்கள், உள்ளூர்க்காரனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னா எவனுக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். அதைத் தப்புன்னு சொல்ல எனக்கு மனசு வரல. அதே நேரம், ஆண் கொசுவை வச்சு ஆயுதம் செய்ய முடியாதுங்கறதும் உண்மை. மக்கள்கிட்ட சொல்லாம செய்யிற நல்ல காரியமும் கெட்ட காரியம் மாதிரிதான் தெரியும். விலை என்னன்னா, இந்த வழி இந்தியாவுல பல வருஷம் தீண்டத்தகாத விஷயமாப் போச்சு.

*

புழுவுக்குள்ள யாரு?

இப்ப புழு பக்கம் வருவோம். இந்த இடத்துல கொஞ்சம் சொந்தக் கதை. எங்க அம்மா வழிச் சொந்தமெல்லாம் கும்பகோணம் பக்கம். யானைக்காலுக்குப் பேர் போன ஊர்னு உங்களுக்கே தெரியும். தெருவுக்கு ஒருத்தராவது வீங்கின காலோட திண்ணையில உக்காந்திருந்த காலத்தை அம்மா சொல்லுவாங்க. சுகாதாரத்துறை ஆளுங்க ரத்தப் பரிசோதனைக்கு ராத்திரியிலதான் வருவாங்களாம், தூங்குறவங்களை எழுப்பி விரல்ல குத்தி எடுப்பாங்களாம். காரணம் பின்னாடி படிச்சப்பதான் புரிஞ்சது. புழுவோட குஞ்சுகள் பகல்ல உள்ளே பதுங்கிட்டு, கியூலெக்ஸ் கடிக்கிற ராத்திரி நேரத்துலதான் வெளி ரத்தத்துக்கு வரும். ரெண்டும் அப்படி ஒரு ஒப்பந்தம்.

கொசுதான் இந்தப் புழுவைச் சுமக்குதுன்னு சீனாவோட அமாய் துறைமுகத்துல இருந்த பேட்ரிக் மேன்சன் 1877-லயே காட்டிட்டார். வளர்ந்த புழு நம்ம நிணநீர்க் குழாய்கள்ல வருஷக்கணக்கா வாழும். நாம சின்ன வயசுல முழுங்கின டி.இ.சி. மாத்திரை ரத்தத்துல இருக்கிற குஞ்சுகளை நல்லாக் கொல்லும். வளர்ந்த புழுவை அவ்வளவு சுலபமா அசைக்காது. அதான் வருஷா வருஷம் வீடு வீடா வந்து மாத்திரை குடுத்தாங்க.

1970-கள்ல எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகு சிலர் இந்த வகைப் புழுக்களைச் சீவிப் பார்த்தாங்க. 1975-லயும் 1977-லயும் கட்டுரைகள் வந்துச்சு. புழுவோட செல்லுக்குள்ள பாக்டீரியா மாதிரி உருண்டைகள். தாய்ப்புழுவோட முட்டையிலயும் இருக்கு. படத்தோட தெளிவா போட்டிருந்தாங்க. அப்புறம்? ஒண்ணுமில்லை. இருபது வருஷம் அந்தப் படங்கள் நூலகத்துல தூங்கிச்சு.

1990-கள்ல புழுவோட மரபணுக்களைப் படிக்க ஆரம்பிச்சப்ப நடுவுல பாக்டீரியா வரிசைகள் வந்துச்சு. முதல்ல வெளியிலிருந்து ஒட்டின அழுக்குன்னுதான் நினைச்சாங்க. லாக் ஃபைல்ல தினமும் வர்ற வார்னிங்கை நாம "அது எப்பவும் வரும் பாஸ்"னு தள்ளி விடுவோமே, அந்தக் கதைதான். 1995-ல இத்தாலியில ஒரு குழு நாய்களோட இதயப்புழுவை ஆராய்ஞ்சு, உள்ள இருக்கிறது கொசு வோல்பாக்கியாவோட நெருங்கின சொந்தம்னு நிரூபிச்சது.

சொந்தம்தான், ஆனா குணம் வேற. கொசு வீட்ல இவன் அடாவடிக் குடித்தனக்காரன். புழு வீட்ல குடும்பத்துல ஒருத்தன். புழுவால செய்ய முடியாத சில சத்துக்களை இவன்தான் செஞ்சு குடுக்குறான். 2005-ல மலேயப் புழுவுக்குள்ள இருக்கிற வோல்பாக்கியாவோட முழு மரபணுத் தொகுப்பும் வெளியானப்ப இந்தக் கொடுக்கல் வாங்கல் இன்னும் தெளிவாச்சு. இவனைக் காலி பண்ணா புழு முட்டை வைக்காது, மெதுவா சாகும்.

அப்படின்னா டெட்ராசைக்ளின் வகை மருந்து போதுமே? போதும். அதே குடும்பத்து டாக்சிசைக்ளினை கானாவுல ஆற்றுக்குருடு நோயாளிகளுக்குக் குடுத்து, புழுக்கள் மலடாகுறதை 2000-ல அறிவிச்சாங்க. 2005-ல தான்சானியாவுல யானைக்கால் புழு இருந்தவங்களுக்கு எட்டு வாரம் குடுத்தப்ப, வளர்ந்த புழுக்களே பெரும்பாலும் செத்துப் போச்சு.

ஒரு நிமிஷம் தேதிகளைப் பாருங்க. டெட்ராசைக்ளின் வோல்பாக்கியாவைக் கொல்லும்னு கொசுக்காரங்களுக்குத் தெரிஞ்சது 1971. புழுவுக்குள்ள பாக்டீரியா இருக்குன்னு புழுக்காரங்க படம் போட்டது 1975. ரெண்டையும் மனுஷங்ககிட்ட சேர்த்து வச்சு விடை வந்தது 2000. கால் நூற்றாண்டு! யாரும் முட்டாள் இல்லை, யாரும் எதையும் மறைக்கலை. கொசுக்காரங்க கொசுப் பத்திரிகை படிச்சாங்க, புழுக்காரங்க புழுப் பத்திரிகை படிச்சாங்க. நடுவுல இருந்தது ஒரு சுவர். அதுக்கு மேல இது ஏழைங்க நோய். வீங்கின காலோட திண்ணையில உக்காந்திருக்கிற பாட்டிக்காக எந்தக் கம்பெனியும் அவசரப்பட்டு அந்தச் சுவரை இடிக்கப் போறதில்லை.

டாக்சிசைக்ளின் மந்திரக்கோலும் இல்லைங்க. வாரக்கணக்கா தினமும் போடணும், கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் ஆகாது. அதனால ஊருக்கே குடுக்கிற திட்டத்துல அதைச் சேர்க்க முடியலை. யானைக்காலை விரட்டின பெரிய வேலை பழைய மாத்திரைகளோடதுதான். இலங்கை அந்த வழியிலதான் போய், 2016-ல பொதுச் சுகாதாரப் பிரச்சினைங்கற நிலையிலிருந்து யானைக்காலை ஒழிச்ச நாடுன்னு உலக சுகாதார நிறுவனத்துகிட்ட சான்றிதழ் வாங்கிச்சு.

*

டெங்குவுக்கு ஒரு ஆப்பு

கதையோட கடைசி அத்தியாயம் ஏடிஸ் ஈஜிப்டி. டெங்கு, சிக்குன்குனியா பரப்புற வரிக்கொசு. பூச்சி இனங்கள்ல பாதியளவுல வோல்பாக்கியா இருக்கலாம்னு கணக்கு சொல்றாங்க. ஆனா இந்தக் கொசுவுக்குள்ள இயல்பா அது கிடையாது. ஆஸ்திரேலியாவுல ஸ்காட் ஓ'நீல்னு ஒரு பிடிவாதக்காரர், பழ ஈயிலிருந்து வோல்பாக்கியாவை எடுத்து இதுக்குள்ள குடியேத்தப் பல வருஷம் போராடினார். முட்டை ஒவ்வொண்ணா நுண்ணூசியால குத்தணும், ஆயிரக்கணக்குல. 2009-ல வெற்றி. அவர் எதிர்பார்த்தது கொசுவோட ஆயுசு குறையும்னு. கூடவே கிடைச்ச போனஸ் என்னன்னா, வோல்பாக்கியா இருக்கிற கொசுவுக்குள்ள டெங்கு வைரஸ் சரியா வளரவே மாட்டேங்குது! முதல்ல வந்து இடம் பிடிச்சவன் அடுத்தவனுக்கு சோறு தண்ணி விடமாட்டேங்குறான்.

2011-ல கெய்ர்ன்ஸ் பக்கத்துல ரெண்டு இடங்கள்ல, ஊர் மக்கள்கிட்ட வீடு வீடா பேசி, சம்மதம் வாங்கித் திறந்து விட்டாங்க. அப்புறம் இந்தோனேசியாவோட யோக்யகர்த்தா. ஊரை 24 பகுதியாப் பிரிச்சு, 12-ல மட்டும் இந்தக் கொசு. மக்களே தங்கள் வீட்டு முற்றத்துல கொசு முட்டை வாளியை வச்சுக்கிட்டாங்க. 2021-ல வந்த முடிவு: டெங்கு 77 சதவீதம் குறைவு, டெங்குவால ஆஸ்பத்திரியில சேர்றது 86 சதவீதம் குறைவு. டில்லியில 1975-ல உடைஞ்ச பானைக்கும் யோக்யகர்த்தா வாளிக்கும் நடுவுல விஞ்ஞானம் மட்டும் வளரலை, சொல்லிட்டுச் செய்யிற பழக்கமும் வளர்ந்திருக்கு.

சிங்கப்பூர் 2016-லிருந்து ஆண் கொசுக்களை மட்டும் விடுற வழியில போகுது. அது நேரா லாவனோட ஒக்போ வழி. நம்ம பக்கத்துல, புதுச்சேரியில இருக்கிற ஐ.சி.எம்.ஆரோட நோய்க்கடத்திகள் ஆராய்ச்சி மையம் வோல்பாக்கியா உள்ள ரெண்டு வகை ஏடிஸ் கொசுக்களை உருவாக்கியிருக்கிறதா 2022-ல அறிவிச்சது. டில்லியில மூடின கதவு புதுச்சேரியில மெதுவாத் திறக்குது. அந்தக் கொசுக்களை ஊருக்குள்ள விடும் நாள் வந்தா, முதல்ல செய்ய வேண்டிய வேலை ஆய்வுக்கூடத்துல இல்லை, தெருவுலதான்.

*

இந்தக் கதையில எனக்குப் பிடிச்சது கண்டுபிடிப்புகள் இல்லை, அதுக்கு நடுவுல இருக்கிற காலி வருஷங்கள்தான். "இதனால என்ன பிரயோஜனம்?"னு கேட்டிருந்தா ஹெர்டிக்கால 1936-ல ஒரு பதிலும் சொல்லியிருக்க முடியாது. ஆனாலும் பார்த்ததைப் பார்த்தபடி எழுதி வச்சார். 1970-கள்ல புழுவைப் படம் பிடிச்சவங்களும் அப்படித்தான். எழுதி வச்சதாலதான் பின்னாடி வந்தவன் தூசி தட்டி எடுக்க முடிஞ்சது. எழுதினது மட்டும் போதாது, பக்கத்து அறைக்காரன் எழுதினதையும் யாராவது படிக்கணும். அந்த ஒரு வேலை தள்ளிப் போனதோட கணக்கைக் கும்பகோணத்துத் திண்ணைகளும் கானாவோட ஆற்றங்கரைகளும் தங்கள் பங்குக்குச் சுமந்துச்சு.

உங்க ஊர்ல ராத்திரி ரத்தம் எடுக்க வந்த கதை, யானைக்கால் மாத்திரை வாங்கிட்டு முழுங்காம ஜன்னல் வழியா வீசின கதை ஏதாவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. பயாலஜி படிச்ச மகராசனுங்க யாராவது இருந்தா, விட்டுப்போன விஷயங்களைச் சேர்த்துட்டுப் போங்க. புண்ணியமாப் போகும்.